தவிடு கொடுத்தவள் வைத்த பேர்

நம் பள்ளிக்கூடக் குழுவில் காலையில் பூப்படமும் மாலையில் மூட்டுவலி வைத்தியமும் அனுப்பிக்கொண்டிருக்கிற கூட்டாளிகளே, இன்று ஒரு நாள் அதை நிறுத்திவிட்டு இதைப் படியுங்கள். என் தங்கச்சி மகள் முழுகாமல் இருக்கிறாள். பொம்பளைப் பிள்ளைதான் என்று அவளே முடிவு கட்டிக்கொண்டு பேர் தேடுகிற வேலையில் இறங்கிவிட்டாள். புதுசாக இருக்க வேண்டுமாம், வாயில் சிக்கக் கூடாதாம், அர்த்தமும் இருக்க வேண்டுமாம். தேடுகிற மும்முரத்தில் சொந்த அம்மாவின் பேரையும் போனில் போட்டுப் பார்த்திருக்கிறாள். திலினி என்பது சிங்களப் பேர், அன்பளிப்பு என்று பொருள் என அது சொல்லிவிட்டது. உடனே எனக்கு அழைப்பு. "பெரியம்மா, தோட்டத்து லயத்துல பொறந்த எங்கம்மாவுக்கு இந்தப் பேரு எப்படி வந்துச்சு?"

அர்த்தம் போனுக்குத் தெரிகிறது, வந்த வழி அதற்குத் தெரியாது. அவளிடம் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே சுருக்கமாகச் சொல்லச் சொல்வாள். சுருக்கமாகப் பேச எனக்கு வராது என்பது உங்களுக்குத் தெரியும். நீங்களோ எல்லாரும் வேலை ஓய்ந்தவர்கள். ஆகவே உங்களிடம் சொல்கிறேன்.

முதலில் என் பேர். அதை இங்கே எழுத மாட்டேன். மறந்தவர்கள் மறந்தபடியே இருங்கள், நினைவிருக்கிறவர்கள் வாயை மூடிக்கொள்ளுங்கள். குப்பைமேட்டோடு சம்பந்தப்பட்ட பேர் என்பது வரைக்கும் போதும். எனக்கு முன்னால் பிறந்த ஆண்பிள்ளை தங்கவில்லை. அதனால் நான் பிறந்த கையோடு பெரிய அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, இந்தப் பேரைச் சூட்டிவிட்டாள். எமன் வரும்போது நல்ல பேராக இருந்தால் ஆசைப்பட்டு எடுத்துக்கொண்டு போவானாம். கேவலமான பேராக இருந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போய்விடுவானாம். நான் பிழைத்துவிட்டேன். பெருமையெல்லாம் அத்தைக்குப் போனது. ஆடிமாத மழைக் குளிரில் என்னைக் கம்பளியில் சுற்றி மடியிலேயே வைத்திருந்த அம்மாவுக்கு அதில் பங்கு கிடைக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் மாஸ்டர் பேர் இடாப்பைத் திறந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக்கொண்டு வருவார். என் பேர் வரும்போது அவர் உதட்டைக் கடித்துக்கொள்வார். நீங்கள் கடித்துக்கொள்ளவில்லை. வாய்விட்டுச் சிரித்தீர்கள். இப்போது குழுவில் எனக்குக் கும்பிடு போடுகிற நான்கைந்து பேர் அதில் முன்வரிசை. நான் வீட்டுக்கு வந்து, அழுதுகொண்டே ரொட்டி தின்பேன். அம்மா கேட்பாள், நான் சொல்வேன், அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

எனக்கு அப்புறம் இரண்டு பெண்கள் பிறந்தார்கள். இரண்டுக்கும் அம்மா ஆசை ஆசையாக அழகான பேர் வைத்தாள். இரண்டுமே தவழுமுன்பே போய்விட்டன. அத்தைக்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? எங்கள் லயத்தில், ஒரே கூரை போட்ட வரிசை வீடுகளில், காம்பராவுக்கும் காம்பராவுக்கும் இடையே சுவர் கூரை வரை எழாது. இந்தப் பக்கம் நான் தும்மினால் அந்தப் பக்கமிருந்து அத்தை "நூறு" போடுவாள். அப்படிப்பட்ட சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, பேருக்கு ஆசைப்பட்டுப் பிள்ளையைத் தொலைத்தவர்களைப் பற்றி அவள் பேசுவாள். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருப்பாள். அப்பா இரண்டு பக்கமும் தலையாட்டுவார். அவருடைய கழுத்து அதற்கென்றே செய்யப்பட்டது.

மறுபடி அம்மா மாசமானபோது, பீலியில் தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில் என்னிடம் ஒன்று சொன்னாள். "இது பொண்ணாப் பொறந்தா, மாஸ்டர் பேரக் கூப்புடையில தலைய நிமுத்திக்கிட்டு எந்திரிக்கணும். அந்த மாதிரிப் பேரு வைக்கணும்." பிறகு குடத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டு, "உசுரோடயும் இருக்கணும்" என்றாள். இரண்டும் சேர்ந்து கிடைக்காது என்பதுதான் எங்கள் வீட்டு நிலவரம்.

பெண் பிறந்தது. அத்தை தயாராக இருந்தாள். வெறும் கேவலமான பேர் இனிப் போதாது, இந்த முறை தவிட்டுக்கு விற்க வேண்டும் என்றாள். பிள்ளை தங்காத வீட்டில் அந்தக் காலத்தில் செய்கிற வழி அது. தவிட்டைப் பரப்பி, பிள்ளையைச் சொளகில் கிடத்தி, இன்னொருத்திக்கு விற்றுவிட வேண்டும். வாங்கியவள் பேர் வைப்பாள். பிறகு 'எனக்காக நீங்களே வளர்த்துக் குடுங்க' என்று பெற்றவளிடமே திருப்பிக் கொடுத்துவிடுவாள். அன்றிலிருந்து அது அந்த வீட்டுப் பிள்ளை இல்லை. எமன் வந்து நின்றால், எங்கள் பிள்ளை இல்லை என்று கையை விரித்துவிடலாம். எமனையே இவ்வளவு சுலபமாக ஏமாற்றத் தெரிந்தவர்களுக்கு, தேயிலைக் கொழுந்து நிறுக்கிற இடத்தில் கணக்கப்பிள்ளையை மட்டும் ஏன் ஏமாற்ற முடியாமல் போனதோ தெரியவில்லை.

வாங்கப் போகிறவள் அத்தையேதான். பேரும் வைத்திருந்தாள்: தவிட்டாயி.

அம்மா சண்டை போடுவாள் என்று நான் காத்திருந்தேன். அவள் போடவில்லை. "வாங்குறவங்க வைக்கிறதுதானே பேரு, மதினி?" என்று மட்டும் கேட்டாள். அத்தை லயமே கேட்கும்படி, "அதுதான் மொற. வாங்குறவ வச்சதுதான் பேரு. அதுக்கப்புறம் பெத்தவ வாயத் தொறக்கக் கூடாது" என்றாள். நுணலும் தன் வாயால் கெடும் என்று மாஸ்டர் நமக்குச் சொல்லிக்கொடுத்தாரே, அந்த நுணலை நான் நேரில் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஏனென்றால் தேயிலைத் தோட்டத்தில் தவிட்டுக்கு எங்கே போவது? மலை முழுக்கத் தேயிலை. நாங்கள் தின்றது கோதுமை மாவு ரொட்டி, கூப்பனுக்குக் கிடைத்த தீட்டிய அரிசி. நெல்லை நான் படத்தில்தான் பார்த்திருந்தேன். கடல் தாண்டி வந்த நம் பாட்டன்மார் வழக்கத்தைக் கொண்டுவந்தார்கள், வயலைக் கொண்டுவரவில்லை. அத்தை கோதுமை மாவைச் சலித்து, சல்லடையில் தங்கியதைப் பூசாரியிடம் கொண்டுபோய்க் காட்டினாள். பூசாரி கிழமை நாளில் தேயிலை ஆலையில் இலை வாட்டுகிற ஆள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் சாமி ஆள். அவர் அதை விரலால் நிமிண்டிப் பார்த்துவிட்டு, தவிடு என்றால் நெல்லுத் தவிடு, அம்மனிடம் மாவுச் சக்கையைக் காட்டி ஏமாற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்.

அப்போதுதான் அத்தைக்குக் கருப்பட்டியக்காவின் நினைவு வந்தது. கீழே கொத்மலைப் பக்கத்துச் சிங்களக் கிராமத்திலிருந்து வாரம் ஒரு தடவை மேலேறி வருவாள். வாழைச் சருகில் சுற்றிய கித்துள் பனைக் கருப்பட்டி, பலாக்கொட்டை, சில நாள் ஒரு சீப்பு பழம். வேகமாக நடந்து வந்த மூச்சோடு எங்கள் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து, அம்மா கொடுக்கிற சாயத்தை, அதாவது பால் ஊற்றாத தேத்தண்ணியை, கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு குடிப்பாள். அவளுக்குத் தமிழ் கொஞ்சம், அம்மாவுக்குச் சிங்களம் கொஞ்சம். அந்த இரண்டு கொஞ்சத்தையும் வைத்துக்கொண்டு இருவரும் எப்படித்தான் அவ்வளவு நேரம் பேசினார்களோ. அவள் வீட்டில் வயல் இருந்தது, உரல் இருந்தது, தவிடும் இருந்தது. அத்தை ஒரு வார்த்தை சொன்னாள், அடுத்த தடவை கோரைப் பை நிறையத் தவிடு வந்து இறங்கியது. நான் பைக்குள் முகத்தை விட்டுப் பார்த்தேன். வெயிலில் காய்ந்த பாய் மாதிரி ஒரு வாசனை. எங்கள் ஈரமான லயத்தில் அப்படி ஒரு வாசனை வந்ததே இல்லை.

அதற்கு விலை ஒன்றும் வேண்டாம் என்றாள் கருப்பட்டியக்கா. அத்தை எச்சில் கையால் காக்கை விரட்டாதவள். சும்மா வந்த தவிட்டைக் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டு, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் தன் சாமர்த்தியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை, மாரியம்மன் கோயில் முன்னால் சடங்கு. லயமே கூடியிருந்தது. பிள்ளை பார்க்க வா என்று அம்மா சொல்லிவிட்டிருந்ததால் கருப்பட்டியக்காவும் வெள்ளைச் சட்டையும் இடுப்பில் பூப்போட்ட சீத்தைத் துணியும் உடுத்திக்கொண்டு வந்து நின்றாள். தவிட்டைப் பரப்பி, அதன்மேல் சொளகை வைத்து, சொளகில் பிள்ளையைக் கிடத்தினார்கள். அத்தை புதுச்சேலையில் முன்னால் வந்து கையை நீட்டினாள். பூசாரி திருநீற்றுத் தட்டை வைத்துவிட்டு, முறைக்காகக் கேட்பது போல, "தவிடு யாரோடது?" என்று கேட்டார்.

"நான் கொண்டாந்தது."

"கொண்டாந்தது சரி. என்ன குடுத்து வாங்குனீங்க?"

"ஒண்ணும் குடுக்கல. இந்தப் பொண்ணு சும்மாவே குடுத்துச்சு" என்றாள் அத்தை. அதைக்கூடப் பெருமையாகத்தான் சொன்னாள்.

"அப்ப அது அவங்க தவிடு. சும்மா வந்த தவிட்டுக்கு நீங்க எப்படிப் புள்ள வாங்குவீங்க? வாங்குறவங்க அவங்கதான்."

கூட்டத்தில் முதலில் ஒரு சிரிப்பு, பிறகு பல சிரிப்பு. அப்பாவுக்கு இருமல் வந்தது. அத்தை காசு எடுக்க முந்தானை முடிச்சை அவிழ்க்கப் போனாள். தவிட்டில் சொளகு இறங்கின பிறகு முடிச்சை அவிழ்த்துப் பிரயோசனம் இல்லை என்று பூசாரி சொல்லிவிட்டார். வாங்குகிறவள் வைப்பதுதான் பேர் என்று லயமே கேட்கச் சொன்னவளும் அத்தைதான். அவள் வாயே அவள் வாயை அடைத்துவிட்டது.

பூசாரி தன் சிங்களத்தில் கருப்பட்டியக்காவுக்கு விளக்கினார். அவருடைய சிங்களம் மாடு பிடிக்கவும் மண்ணெண்ணெய் வாங்கவும் போதும், சடங்குக்குப் போதாது. ஆனாலும் அவளுக்குப் புரிந்துவிட்டது. சிரித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று சிரிப்பை நிறுத்தினாள். கையைச் சீத்தையில் துடைத்துக்கொண்டு, பிள்ளையைத் தூக்கி மார்போடு வைத்துக்கொண்டாள். அப்படியே நின்றாள். நேரம் போனது. விற்றது விற்றதுதான், இவள் இப்படியே கீழே இறங்கி நடக்கப் போகிறாள் என்றே நம்பினேன். ஓடிப்போய் அவள் சீத்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. பிள்ளையின் காதில் ஏதோ சொன்னாள். சத்தமாகச் சொல்லும்படி பூசாரி கேட்டார்.

"திலினி" என்றாள்.

அதன்பிறகுதான் பிள்ளையை அம்மாவின் கையில் திருப்பிக் கொடுத்தாள். கொடுத்த பிறகும் அந்தப் பேரை இன்னொரு தடவை மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். மறந்துவிடாமல் இருக்கத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் முழுக்க எங்கள் இஸ்தோப்பில் அர்த்த ஆராய்ச்சி நடந்தது. பூசாரி இது தில்லையம்பலத்தான் சம்பந்தப்பட்ட பேர் என்றார். மாஸ்டர் வந்து, திலகத்திலிருந்து பிறந்திருக்க வேண்டும், வடமொழி என்று கையை ஆட்டி விளக்கினார். அப்பா இரண்டுக்கும் தலையாட்டினார். அத்தை, அர்த்தமே இல்லாத பேர், அதனால் எமனுக்கும் புரியாது, ஒருவகையில் நல்லதுதான் என்று தீர்ப்புச் சொன்னாள். பேரை வைத்தவள் பக்கத்திலேயே உட்கார்ந்து சாயம் குடித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. நம் ஆட்கள் அப்படித்தான். விளக்கம் சொல்ல நாலு பேர் வருவார்கள், விசாரிக்க ஒரு ஆள் இருக்காது.

முறைப்படி அம்மா இனி வெளியில் அவளைத் தன் பிள்ளை என்று சொல்லக் கூடாது. இதனால் தோட்டத்து மருந்துச்சாலையில் ஒரு கூத்து நடந்தது. தங்கச்சிக்குக் காய்ச்சல். அம்மா தூக்கிக்கொண்டு போனாள், நானும் கூடப் போனேன். உன் பிள்ளையா என்று டாக்டர் ஐயா கேட்டார். இல்லை என்றாள் அம்மா. யார் பிள்ளை என்றார். கருப்பட்டியக்கா பிள்ளை என்றாள். பால் கொடுப்பது யார் என்றார். நான்தான் என்றாள். பெற்றது யார் என்றார். அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, அதை இங்கே சொல்ல முடியாது என்றாள். ஐயா தெர்மாமீட்டரைப் பிள்ளையிடமிருந்து எடுத்து அம்மாவுக்கு வைத்துப் பார்க்கலாமா என்று யோசிப்பது முகத்திலேயே தெரிந்தது.

கருப்பட்டியக்காவோ இதையெல்லாம் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. மேலேறி வருகிற ஒவ்வொரு தடவையும் கூடையை இறக்குமுன், "மகே துவ" என்று கையை நீட்டிக்கொண்டு வருவாள். என் மகள் என்று அர்த்தம். சித்திரை வருஷப் பிறப்புக்குக் கொக்கிஸும் மற்ற எண்ணெய்ப் பலகாரமும் கொண்டுவருவாள். கூடவே தங்கச்சிக்கு ஒரு கவுன், கழுத்தைச் சுற்றிச் சுருக்கு வைத்தது. எனக்கு ஒரு துண்டு கருப்பட்டி. விற்காத பிள்ளைக்கு மரியாதை அவ்வளவுதான். என்னையும் விற்றுத் தொலைத்திருக்கலாமே என்று அம்மாவிடம் சண்டை போட்டிருக்கிறேன்.

அத்தை மட்டும் கடைசி வரை திலினி என்று கூப்பிடவே இல்லை. "ஏ தவிடு" என்றுதான் கூப்பிடுவாள். தங்கச்சியும் "என்னா அத்த" என்று ஓடுவாள்.

பிறகு கீழே அணை கட்டினார்கள். வயல், உரல் கிடந்த வாசல், கித்துள் மரம் எல்லாம் தண்ணீருக்குள் போகப் போகிறது என்றார்கள். கிராமத்து ஆட்களுக்கு எங்கோ வெயில் காய்கிற பக்கத்தில் காணி கொடுத்து லொறியில் ஏற்றினார்கள். போகிறதற்கு முன்னால் கருப்பட்டியக்கா வந்தாள். கூடை இல்லாமல் வந்தது அன்றுதான். தங்கச்சியை மடியில் வைத்துக்கொண்டு தலையை வருடிக்கொண்டிருந்தாள். அப்போது அத்தை தன் காம்பராவுக்குள் போய், பெட்டிக்கு அடியில் ஒளித்துவைத்திருந்த நல்ல தேயிலைத் தூளை அப்படியே பொட்டலமாகக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தாள். "அன்னைக்குக் குடுத்த தவிட்டுக்கு" என்றாள். நானும் அம்மாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். விலையைக் கொடுத்தாயிற்று, இனிப் பேரை மாற்றச் சொல்வாளோ என்று அம்மாவுக்குப் பயம். அத்தை அதைப் பற்றிப் பேசவில்லை. மூக்கைச் சிந்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அத்தையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவளுக்கும் மூன்று பிள்ளைகள் பிறந்தன என்பதே எனக்குக் கல்யாண வயதில்தான் தெரியும். மூன்றுக்கும் சாமி பேர்களாகப் பார்த்து வைத்திருக்கிறாள். ஒன்றும் நிற்கவில்லை. எனக்குக் குப்பையைப் பேராக வைத்தவள் என்னைக் கேவலப்படுத்தவில்லை, ஒளித்து வைத்திருக்கிறாள். இது தெரிந்த பிறகும் அந்தப் பேரை எனக்குப் பிடிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

தங்கச்சி உயிரோடு இருந்தாள். மாஸ்டர் பேரைக் கூப்பிட்டபோது தலையை நிமிர்த்திக்கொண்டு எழுந்தாள், அதே கூடத்தில் பெரிய வகுப்பில் இருந்த நீங்கள் யாரும் சிரிக்கவில்லை. பிற்காலத்தில் அந்தப் பேரால் அவள் பட்ட பாடு தனி. எந்த அரசாங்கக் கந்தோருக்குப் போனாலும் பேரைப் பார்த்தவுடன் சிங்களத்தில் மடமடவென்று பேச ஆரம்பித்துவிடுவார்கள். இவள் திருதிருவென்று விழிப்பாள். ஒரு தடவை கொட்டகலையிலிருந்து ரயிலில் போகும்போது பக்கத்தில் இருந்த சிங்கள அம்மா ஒருத்தி, தன் மகள் பேரும் திலினிதான் என்று சொல்லி, இறங்குகிற வரைக்கும் இவளுக்கு ஆரஞ்சுப் பழம் உரித்துக் கொடுத்துக்கொண்டே வந்தாளாம்.

அத்தை பழுத்த வயதில், சில வருஷத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தாள். கருமாதி முடிந்து வந்தவர்கள் கலைந்த பிறகு, அம்மாவும் நானும் பின்வாசலில் உட்கார்ந்திருந்தோம். தங்கச்சி உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அம்மா சுவரைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பக்கம் கேட்க ஆள் இல்லை என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது போல இருந்தது. இனிச் சொன்னால் பரவாயில்லை என்று ஆரம்பித்தாள்.

கருப்பட்டியக்காவுக்கு இரண்டு பையன்களுக்கு அப்புறம் ஒரு பெண் பிறந்ததாம். அதற்கு அவள் வைத்த பேர்தான் திலினி. பால் குடிக்கும் முன்பே அது போய்விட்டது. எங்கள் வீட்டு இஸ்தோப்பில் சாயம் குடித்துக்கொண்டு, கொஞ்சம் தமிழும் கொஞ்சம் சிங்களமுமாக அவள் அம்மாவிடம் சொன்னதெல்லாம் அதுதான். பேர் அப்படியே இருக்கிறது, கூப்பிட ஆள் இல்லை என்றாளாம். அந்தப் பேரை என் பிள்ளைக்குத் தருவாயா என்று அம்மாதான் அவளிடம் கேட்டிருக்கிறாள். தவிடு கேட்டால் கொடு, விலை மட்டும் வாங்காதே, மற்றதைப் பூசாரி பார்த்துக்கொள்வார் என்று சொல்லிக்கொடுத்ததும் அம்மாதான். பூசாரியிடம் போய் முன்கூட்டியே பேசியதும் அவள்தான். வருஷக்கணக்காக அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தவள் இவ்வளவு வேலை பார்த்திருக்கிறாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நல்ல பேர் வைத்தாலே எமன் வருவான் என்று நடுங்கின வீட்டில் இப்படி ஒரு காரியமா? "செத்த புள்ள பேரையா அம்மா இவளுக்கு வச்ச? ஒனக்குப் பயமாவே இல்லையா?"

"இருந்துச்சு. ஒங்க அத்த மாதிரியே நானும் யோசிச்சுப் பாத்தேன்" என்றாள் அம்மா. "இந்தப் பேரச் சொல்லிக்கிட்டு அவன் ஒருவாட்டி வந்து, எடுத்துட்டுப் போயிட்டான். அவனப் பொறுத்தவரைக்கும் திலினி வேல முடிஞ்சிருச்சு. முடிஞ்ச வேலைக்கு மறுபடி வருவானா?"

பிறகு உள்ளே பார்த்து, கழுவினது போதும், சாயம் ஆறுகிறது என்று தங்கச்சியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். "இந்தா வாறேன்" என்று ஈரக் கையோடு அவள் வந்து எங்கள் நடுவில் உட்கார்ந்தாள்.